காத்திருப்பவளைத் துண்டிக்கவும்

அத்தியாயம் பதினேழு

விடிந்ததும் விடியாததுமாக எடித் போட்ட சத்தத்தில் முற்றத்து வேம்பில் இருந்த காகங்களெல்லாம் எழும்பிப் பறந்தன.

“இஞ்ச வந்து பாருங்கோ. வீடு செத்துப்போய்க் கிடக்கு.”

கிணற்றடியில் பல்லுத் தீட்டிக்கொண்டிருந்த டினோஜா வாயில் நுரையோடு முன்னறைக்கு ஓடி வந்தாள். செத்தது யார் என்று பார்த்தால் ஒருவருமில்லை. மாமனார் சிங்கராசா வழமைபோலச் சாய்மனைக் கதிரையில் நோகிற முதுகை நீட்டிக்கொண்டு உயிரோடுதான் இருந்தார். மாமி எடித் கை நீட்டிக் காட்டியது ரீவி அலுமாரியை.

இரவிரவாக மினுங்கும் சின்ன வெளிச்சங்கள் ஒன்றையும் காணவில்லை. பாட்டுப் பெட்டியின் சிவப்பு இல்லை. டிஷ் பெட்டியின் பச்சை இல்லை. வைஃபை பெட்டி கண் சிமிட்டவில்லை. மேலே சுரூபத்தட்டில் மடு மாதாவின் காலடியில் இருக்கும் குட்டி பல்ப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“செத்துப்போகேல்லை மாமி. நித்திரை கொள்ளுது. ரீவியை நிப்பாட்ட எல்லாம் தானா நிக்கும் எண்டு ராத்திரியே சொன்னனானெல்லோ?”

போன கிழமை கரண்ட் பில் வந்த அன்று இந்த வீட்டில் நடந்த வாய்ச்சண்டை பேசாலைக் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். டினோஜா பகலில் போடும் மின்விசிறிதான் பில்லை ஏற்றுகிறது என்றாள் எடித். மின்விசிறி இல்லை, ஒருவரும் பார்க்காத நேரத்திலும் சும்மா முழித்துக்கொண்டு கிடக்கும் பெட்டிகள்தான் என்றாள் டினோஜா. மன்னார் பசாரில் றிஸ்வி நானாவின் மின்சாரச் சாமான் கடையில் வேலை செய்கிறவளுக்கு இது தெரியாதா? சொன்னதைக் காட்டிவிட வேண்டும் என்ற ரோசத்தில் கடையிலிருந்து ஒரு மல்ரி பிளக்கைக் கொண்டுவந்து நேற்றுப் பின்னேரம் பூட்டினாள்.

அது சும்மா மல்ரி பிளக் இல்லை. ஆறு சொக்கெற் உள்ள நீளமான வெள்ளைப் பட்டை. முதலாவதில் ரீவியைக் குத்த வேண்டும். ரீவியை நிற்பாட்டினால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பட்டை நடுவில் உள்ள நாலு சொக்கெற்றையும் தானாகவே வெட்டிவிடும். டிஷ் பெட்டி, பாட்டுப் பெட்டி, வைஃபை பெட்டி, சிக்னல் பெட்டி நாலையும் அந்த நாலில் குத்தியிருந்தாள். ஓரத்தில் சிவப்பாக இருக்கும் ஆறாவது மட்டும் எந்நேரமும் உயிரோடு இருக்கும். அதை அவள் மாதாவுக்குக் கொடுத்தாள்.

கொடுக்காமல் விடவும் ஏலாது. மகனுக்குப் பிரான்சில் வதிவிடக் காட் கிடைத்து, அவன் வந்து மடுவில் மெழுகுதிரி கொளுத்தும்வரை இந்த விளக்கை அணைப்பதில்லை என்று எடித் வைத்த நேர்த்தி அது. கரண்ட் போனால் கூடச் சோற்றுப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்து மெழுகுதிரி கொளுத்துவாள். மருமகளோடு ஆயிரம் குறை இருந்தாலும், சிவப்புச் சொக்கெற்றை மாதாவுக்குக் கொடுத்ததில் நேற்று மாமிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இன்றைக்கு அந்தச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“தம்பி விடிய எடுத்தவன். சிக்னல் பெட்டியை நிப்பாட்ட வேண்டாமாம். போடு அதை.”

டினோஜாவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

தம்பி என்று எடித் சொல்வது தன் மகன் றொசாந்தனை. டினோஜாவின் கணவன். கல்யாணம் முடிந்த நாலாம் மாதம் பிரான்சுக்குப் போனவன், வருஷம் ஏழாகிறது. காட் கிடைத்த கையோடு அவளையும் கூப்பிடுவான் என்பது இந்த வீட்டில் செபமாலைக்கு அடுத்தபடியாகத் தினமும் சொல்லப்படுகிற விஷயம். ஆனால் போன ஆவணியில் நடந்த மடுத் திருவிழாவுக்குப் பிறகு அவளோடு அவன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவள் எடுத்தால் வேலை. அனுப்பும் செய்திக்குப் பதில் இல்லை. பாவம், நேரமில்லை அவனுக்கு என்று எடித் சொல்லும்போதெல்லாம் அவளும் பாவம் பார்த்திருக்கிறாள்.

“எனக்கு எடுக்கேல்லையே, மாமி.”

“நீ நித்திரை. அவனுக்கும் வேலையால வந்த களை.”

“வைஃபை பெட்டியும்தானே நிண்டது. அதைப் போடச் சொல்லேல்லையோ?”

“உந்தக் கேள்வியெல்லாம் என்னட்டக் கேக்காத. ரேந்தை போட்ட பெட்டியைப் போடச் சொன்னவன், நான் சொல்லிப்போட்டன்.”

சுரூபத்தட்டில் மாதாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிக்னல் பெட்டி ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான் இருக்கும். போன வருஷம் பிரான்சிலிருந்து வந்த ஒருவரிடம் றொசாந்தன் கொடுத்துவிட்டது. டினோஜா கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஆள் கூப்பிட்டுப் பூட்டினார்கள். வீடு முழுக்க சிக்னல் பரவும் என்று சொன்னாள் எடித். மாதாவுக்குப் பக்கத்தில் வெறும் பிளாஸ்ரிக் சாமான் இருப்பது அழகில்லையென்று வெள்ளை நூலில் தன் கையாலேயே ரேந்தை பின்னி அதற்கு உறை போட்டாள். காற்றுப் போக வேண்டும் என்று முன்பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை விட்டு, அதைச் சுற்றிப் பூவும் பின்னியிருந்தாள்.

டினோஜா சத்தத்தைக் குறைத்து ரீவியைப் போட்டாள். நாலு பெட்டியும் முழித்தன. ரேந்தைக்குள்ளே நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மாமியின் முகம் வெளித்தது.

மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் டினோஜாவுக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. தெற்குக் கரையில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. “காத்து எங்கட. கரண்ட் எங்கேயோ போகுது. பில் மட்டும் எங்கட வீட்டைத் தேடி வருகுது,” என்று முன் இருக்கையில் ஒருவர் சொல்ல, பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். டினோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரமில்லாதவன் விடியற்காலையில் எடுத்தானே என்பதில் அவள் மனம் நின்றுவிட்டது. பெட்டி நின்றது பிரான்சில் இருப்பவனுக்கு எப்படித் தெரிந்தது?

கடையில் முதல் வியாபாரமே அந்தப் பட்டைதான். தாழ்வுபாட்டிலிருந்து வந்த ஒரு பெண், நிற்பாட்டி வைத்த சாமான் எப்படிக் கரண்ட் குடிக்கும் என்று நம்பாமல் நின்றாள். டினோஜா வழமைபோல அவளுடைய கையைப் பிடித்து, றிமோட்டால் நிற்பாட்டி வைத்திருந்த ஒரு டிஷ் பெட்டியின் மேல் வைத்தாள்.

“சூடு தெரியுதோ? வேலை ஒண்டும் செய்யேல்லை. ஆனா ஆரும் றிமோட்டை அமத்துவினம் எண்டு பாத்துக்கொண்டே நிக்குது. அந்த நிப்புக்குத்தான் அக்கா கரண்ட் போறது.”

அந்தப் பெண் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். காசு மேசையில் இருந்த றிஸ்வி நானாவின் அக்கா ஹிதாயா, வெறும் பெட்டியொன்றைக் கையில் எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

“இஞ்ச பாரு புள்ள, உன்ட சாமான்ல என்னா எழுதிக் கிடக்கெண்டு. காத்திருப்பவளைத் துண்டிக்கவும்.”

டினோஜா எட்டிப் பார்த்தாள். மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். மற்ற இரண்டும் சரியாகத்தான் இருந்தன. காத்திருப்பவைகளைத் துண்டிக்கவும் என்று வரவேண்டிய இடத்தில், தமிழ் தெரியாத யாரோ நடுவில் ஒரு ஐகாரக் கொம்பையும் ஒரு எழுத்தையும் விழுங்கிவிட்டிருந்தார்கள். பிஸ்கட் பெட்டி தொடக்கம் அரசாங்கக் கந்தோர்ப் பலகை வரைக்கும் தமிழுக்கு நடக்கிற கொடுமைதான் இது. இருவரும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே டினோஜா அந்தப் பெட்டியை வாங்கி, எழுத்துக் கீழே போகும்படி கவிழ்த்து வைத்தாள்.

ஹிதாயா அதைக் கவனித்தாள். கவனித்தும் கவனிக்காததுபோல வேறு கதைக்குப் போனாள்.

“வவுனியாக் கடைக்கு ஆள் வேணுமெண்டு றிஸ்வி திரும்பவும் கேக்கிறான். எங்கட சாச்சி வீட்டு மேல்மாடில அறை இருக்கு. நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லு.”

“இல்லை ராத்தா, எனக்கு விசா...” என்று தொடங்கினாள் டினோஜா. எத்தனையோ தரம் சொன்ன பதில்தான். இன்றைக்கு மிச்சம் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தச் சிக்னல் பெட்டியைப் பற்றிக் கேட்டாள்.

“மாமி அதுக்கு ரேந்தை உறை போட்டு வச்சிருக்கிறா. பரவாயில்லையோ ராத்தா?”

“உறையோ? இந்த வெயிலுக்குச் சூடாகி எரிஞ்சிரும் புள்ள. முதல் வேலையா அதக் கழட்டு.”

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டுவதால் டினோஜாவுக்கு அரை நாள். வீட்டுக்கு வந்தபோது எடித் இல்லை. தவக்காலத்து வெள்ளி; சிலுவைப்பாதைக்குக் கோயிலைக் கூட்டித் துப்பரவாக்க முன்கூட்டியே போயிருந்தாள். கோயிலுக்குள் போன் அடித்தால் மானக்கேடு என்று குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போனை வைத்துவிட்டுப் போவது மாமியின் வழக்கம். சிங்கராசா ரீவி பார்த்தபடி நித்திரையாகியிருந்தார்.

டினோஜா கதிரையில் ஏறிச் சுரூபத்தட்டுக்கு நேரே நின்றாள். பெட்டியைத் தொட்டாள். சுட்டது. ரேந்தையை இரண்டு விரலால் மெல்ல மேலே உருவினாள்.

உள்ளே இருந்தது சிக்னல் பெட்டி இல்லை.

கறுப்பாக, பளபளவென்று ஒரு கண்ணாடிக் கண். மாமி பூப் பின்னி விட்டிருந்த ஓட்டைக்குச் சரியாக நேரே இருந்தது. டினோஜா முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண் கொஞ்சம் திரும்பி அவளைப் பார்த்தது.

வீட்டில் ஆளில்லாத நேரத்தில் கள்ளன் வந்தால் போனில் பார்க்கலாம் என்று சொல்லி இதேபோன்ற கமராக்களை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறாள். வெளிநாட்டுச் சாமான் வடிவத்தில் வேறாக இருந்தாலும் அவளுக்கு இனங்காண ஒரு நொடி போதும். ரேந்தையைக் கையில் பிடித்தபடி கதிரையை விட்டு இறங்கினாள்.

மடுத் திருவிழா முடிந்த கிழமை கடைசியாகக் கதைத்தபோது அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. “பகல்ல என்ன நித்திரை? அம்மா வேலை செய்ய நீ மின்விசிறியைப் போட்டுட்டுப் படுத்துக் கிடக்கிறாய்.” மாமிதான் கோள் சொன்னாள் என்று நினைத்து, எத்தனையோ நாள் மாமியின் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். கோள் சொன்னது மாமி இல்லை. மாதாவுக்குப் பக்கத்தில் இருந்த கண்.

அப்போது குசினியில் எடித்தின் போன் அடித்தது. திரையில் மகன் என்று எழுதியிருந்தது. டினோஜா எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

“அம்மா, அவள் உறையைக் கழட்டிப் பாக்கிறாள். மூஞ்சையை உள்ளுக்கு விட்டுப் பாக்கிறாள். தெரிஞ்சுபோச்சு. கேட்டா கள்ளருக்காகப் பூட்டினதெண்டு சொல்லுங்கோ. கேஸ் கதையை மட்டும் வாய் தவறிச் சொல்லிப்போடாதேங்கோ, என்ன? அம்மா? அம்மா, கேக்குதோ?”

மாதக்கணக்காக அவள் ஏங்கியிருந்த குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, சளி தடிமன் பிடித்ததுபோல. அதைக் கேட்டதும் முதலில் அவளுக்குப் பதறியது அந்தத் தடிமனுக்குத்தான். அப்படிப் பதறியதற்காகத் தன்மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது. போனை நிற்பாட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

சிங்கராசா முழித்திருந்தார். அவளுடைய கையில் ரேந்தை இருந்தது. தட்டில் அம்மணமாகக் கமரா இருந்தது.

“என்ன பிள்ளை அது?”

“கமரா மாமா. உங்கட மகன் அங்கயிருந்து எங்களைப் பாக்கிறவர்.”

அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ஒரு வருஷமா நான் அவனுக்கு முன்னாலயோ சாரம் மாத்தினனான்?” என்றார். சிரிப்பதற்கு என்று வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

“கேஸ் எண்டா என்ன மாமா?”

 ரீவியில் யாரோ கறி சமைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தபடியே இருந்தார்.

“மாமா, கேஸ் எண்டா என்ன?”

“கமரா எனக்குத் தெரியாது பிள்ளை. மாதா அறியச் சொல்லுறன், தெரியாது.” தொண்டையைச் செருமினார். “கேஸ் தெரியும்.”

மூன்று வருஷத்துக்கு முதலே றொசாந்தனின் அகதிக் கேஸ் தள்ளுபடியாகிவிட்டது. திரும்பப் போட்டதும் தள்ளுபடி. காட் இல்லை. இனிக் கிடைக்கும் என்றும் இல்லை. ஒளித்து ஒளித்து ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். மனைவியைக் கூப்பிட ஏலாது. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போகவும் ஏலாது. இவ்வளவையும் சிங்கராசா ரீவிக்குச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தார்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீ வங்காலைக்கு உன்ர வீட்டை போயிடுவாயெண்டு உன்ர மாமி பயந்தவ.” கொஞ்சம் பொறுத்து, “நானும் பயந்தனான்தான். என்ர முதுகுக்கு எண்ணெய் போட வேற ஆர் இருக்கினம்?” என்றார்.

பொய் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். அந்த உண்மைதான் அவளைக் கொன்றது.

ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று மெதுவாகத்தான் அவளுக்கு உறைத்தது. போன வருஷம் முழுக்க, மாமா மாமி இல்லாத நேரம் பார்த்து, இதே முன்னறையில் நின்று போனைப் பார்த்துப் பிரெஞ்சு படித்தாள் டினோஜா. அங்கே போய் இறங்கியதும் அவனுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று. அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்து, “ஜு மப்பேல் டினோஜா, என்ர பேர் டினோஜா, ஜு மப்பேல் டினோஜா,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, பிழை விட்டால் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு. அவன் அதையும் பார்த்திருக்கிறான். விசா வராது என்று தெரிந்துகொண்டே, படுக்கையில் கிடந்து, அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு நாளாவது படிக்காதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பொழுதுபட எடித் சிலுவைப்பாதை முடிந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேசையில் கிடந்த ரேந்தையைக் கண்டாள். முக்காட்டை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள்.

“சாப்பிட்டியோ பிள்ளை?”

“கேஸ் முடிஞ்சு மூண்டு வருஷமாம், மாமி.”

எடித் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

“உன்னை ஏமாத்த நினைக்கேல்லை. இண்டைக்கு நாளைக்கு ஏதும் வழி வருமெண்டு பாத்தன். அதுக்குத்தானே மாதாவுக்கு விளக்கு.”

“கமரா ஆருக்கு மாமி? மாதாவுக்கோ?”

“அவன் கேட்டவன்.” எடித்தின் குரல் உடைந்தது. “ஒரு அறையில எட்டுப்பேரோட படுக்கிறான். கண்டவனெல்லாம் பொலிஸ் எண்டு பயந்து ஒளிக்கிறான். வீட்டைப் பாத்துக்கொண்டு இருந்தா விசர் பிடிக்காதாம். நாங்கள் செபமாலை சொல்லேக்க அவனும் அங்க இருந்து சொல்லுவான். எனக்கு அவன்ர சத்தம் கேக்காது, ஆனா சொல்லுவான். நான் பெத்தனான், எனக்குத் தெரியும்.”

டினோஜாவுக்கு மனம் இளகத்தான் பார்த்தது. அவள் இளக விடவில்லை.

“அவருக்கு வீட்டைப் பாக்க நேரம் இருந்திருக்கு. என்னோட கதைக்கத்தான் நேரமில்லை. கதைச்சா பொய் சொல்லோணும். பாக்கிறதுக்குப் பொய் தேவையில்லை. என்ன மாமி?”

 செபமாலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. சண்டையென்றாலும் சாவென்றாலும் இந்த வீட்டில் செபமாலை நிற்பதில்லை. சிங்கராசா வழமைபோல றிமோட்டை எடுத்து ரீவியை நிற்பாட்டினார். பட்டையில் மெல்லிய ஒரு ‘டக்’ கேட்டது. கமராவின் நீல வெளிச்சம் அணைந்தது. முன்னறையில் மாதாவின் பல்ப் மட்டும் மிஞ்சியது.

மூவரும் முழந்தாளிட்டார்கள். சிங்கராசா ஒரு கையால் கதிரையைப் பிடித்தபடி விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். எடித்தின் வாய் அசையவில்லை. அணைந்த கமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருள் நிறைந்த மந்திரம் தொடங்கியபோது அவள் சட்டென்று எழும்பினாள்.

அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். சிவப்புச் சொக்கெற்றிலிருந்து மாதாவின் பிளக்கைப் பிடுங்கினாள். கமராவின் பிளக்கை அதில் குத்தினாள்.

மாதா இருண்டுபோனார். ஏழு வருஷத்தில் முதல் தரம்.

“எடித்,” என்றார் சிங்கராசா.  முன்னறையில் இப்போது இருந்த ஒரே வெளிச்சம் கமராவின் பொட்டுத்தான். ஆனால் அது நீலமாக இல்லை. சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

டினோஜாவுக்கு மட்டும் அதன் கருத்துத் தெரிந்தது.

“அது வேலை செய்யாது மாமி. வைஃபை பெட்டி நித்திரை. இது எவ்வளவு முழிச்சிருந்தாலும் அவருக்கு ஒண்டும் தெரியாது. மாதாவின்ர விளக்கைச் சும்மாதான் நூத்தனீங்கள்.”

எடித் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அந்த நேரத்தில் மாமியைப் பார்க்க டினோஜாவுக்குப் பயமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. அவள் சிங்கராசாவின் பக்கத்தில் கிடந்த றிமோட்டை எடுத்தாள்.

“நான் போட்டுவிடுறன். அவர் பாக்கட்டும்.”

ரீவி முழித்தது. சத்தத்தை அடியோடு குறைத்தாள். வைஃபை பெட்டியின் வெளிச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கமராவின் சிவப்பு சிமிட்டிச் சிமிட்டிக் கடைசியில் நீலமானது. டினோஜா கதிரையை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி, மதியம் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

“இதுக்குக் காதும் இருக்கெண்டு எனக்குத் தெரியும். நான் விக்கிறனான்.” அவளுடைய குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக இருந்தது. “உங்களுக்குக் காட் இல்லாதது எனக்குக் கோவமில்லை. அது உங்கட பிழையுமில்லை. ஆனா நான் இந்த ஹோலில நிண்டு பிரெஞ்சு படிச்சதைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தீங்கள். எப்ப றிமோட்டை அமத்துவீங்களோ எண்டு நான் இஞ்ச எரிஞ்சுகொண்டு நிண்டனான். நாளைக்கு வவுனியாவுக்கு ஓம் எண்டோ இல்லையெண்டோ நான் சொல்லோணும். ஏதும் கதைக்க வேணுமெண்டா அம்மான்ர நம்பருக்கு எடுக்காதேங்கோ. என்ர நம்பர் உங்களுக்குத் தெரியும்.”

அவள் இறங்கினாள். முழந்தாளிட்டாள். செபமாலையைக் கையில் எடுத்தாள்.  சத்தமில்லாத ரீவியில் யாரோ யாருக்கோ கையசைத்தார்கள்.

முதலில் அடித்தது எடித்தின் போன். குசினியில் அடித்து அடித்து ஓய்ந்தது. எடித் அசையவில்லை. சிங்கராசா கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு டினோஜாவின் போன் அடித்தது.

மடுத் திருவிழாவுக்குப் பிறகு முதல் தரம் அந்தப் பெயர் அவளுடைய திரையில் வந்தது. கல்யாணத்தன்று எடுத்த படமும் சேர்ந்து வந்தது. இவ்வளவு காலமும் இதற்காகத்தான் குளிக்கப் போகும்போது கூடப் போனைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுக் குளித்தாள். பெருவிரல் பச்சைப் பொட்டுக்குக் கிட்டப் போனது. அங்கேயே நின்றது.

டினோஜா எழும்பினாள். அடித்துக்கொண்டிருந்த போனைக் கொண்டுபோய், திரை கமராவுக்குத் தெரியும்படியாக இருண்ட மாதாவின் காலடியில் சாய்த்து வைத்தாள். எடுக்கப்படாமல் ஒரு போன் எப்படி அடிக்கிறது என்று அவனும் ஒருதரம் பார்க்கட்டும்.

திரும்பி வந்து முழந்தாளிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். “அருள் நிறைந்த மரியே வாழ்க.”

போன் அடித்தது, நின்றது, திரும்பவும் அடித்தது. பக்கத்தில் நிலத்தில் இருந்த எடித் செபத்தின் மறுபாதியைச் சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மாதாவின் பிளக் இன்னமும் அவளுடைய கையில்தான் இருந்தது.